ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர்

என் அக்கா பஞ்சம்மாளின் வீட்டுக்காரர் கூத்தையாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்லிவிடலாம். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், சிக்கல் கிராமத்தில் அவருடைய மிளகாய்க் கொல்லையில் ஒரு களையைக் காட்ட முடியாது. ஆனால் ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் போச்சு. செருப்பு வாங்கக் கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும்வரை யோசிப்பார். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு 1989-ல் கார் ஆசை வந்தது. நான் அப்போது ராமநாதபுரத்தில் ஒரு லாரி ஷெட்டில் பிட்டராக இருந்தேன். அதனால் தலைவலி எனக்கு.

ஆசை வந்த காரணம் சின்னது. திருவாடானையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போய் இறங்கியிருக்கிறார். அதே நேரத்தில் இன்னொரு கூட்டம் காரில் வந்து இறங்கியது. இவர் முன்னால் வந்த காபித் தட்டு அப்படியே திரும்பி அங்கே போய்விட்டது. இவருக்குக் கடைசியில் காபி வந்ததாம், ஆறிப்போய். அந்தக் காபியை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

அந்த வருஷம் மழை இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு விளைச்சல் இல்லாததால் மிளகாய்க்கு நல்ல விலை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், மண்டபத்தில் பழைய கார் ஒன்று விலைக்குக் கிடக்கிறதென்று கேள்விப்பட்டு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

காரின் சொந்தக்காரர் வாவு முகம்மது. அவர் அத்தா காலத்தில் வாங்கிய கறுப்பு மோரிஸ், கருவாட்டுக் கிட்டங்கிக்குள் நின்றது. பார்க்க அழகுதான், அதை நான் மறுக்கவில்லை. உருண்டை விளக்கு, உருண்டை முதுகு. மச்சான் காளை பார்த்துப் பழகியவர். சுற்றிச் சுற்றி வந்தார், முதுகைத் தட்டினார், குனிந்து டயரைக் குளம்பு மாதிரிப் பிடித்துப் பார்த்தார். நான் கீழே படுத்துப் பார்த்தேன். உப்புக்காற்று அடித்தளத் தகட்டை அரித்திருந்தது. விரலால் குத்தினால் விரல் உள்ளே போனது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பாளம் கட்டிக் கிடந்தது.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டேன்.

"கெணத்துத் தண்ணிதான்," என்றார் வாவு முகம்மது. ஒளிக்கவில்லை. "உப்புத் தண்ணி, தெரியும். நல்ல தண்ணிய எடுத்துக் காருக்கு ஊத்துனா எங்க உம்மா வீட்டுக்குள்ள விடுமா தம்பி?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரை யார் இரும்புக்கு ஊற்றுவார்கள்? எங்கள் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் பாதி இப்படிச் செத்தவைதான்.

திரும்பும் பஸ்ஸில் மச்சான் கேட்டார்: "வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு மாப்ள."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாங்கிற?"

ஏன் என்று பரமக்குடிக்குப் போய் வரும் நேரத்துக்கு விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி மண்டபத்துக்குக் கூப்பிட வந்து நின்றார். இரண்டாம் தடவை எரிச்சலில் "வாங்கித் தொலைங்க" என்றேன். "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பொறுப்பு ஏத்துக்கிறியா?" என்று கேட்டார். மூன்றாம் தடவை நான் வாயே திறக்கவில்லை. அதற்கு, "மாப்ளைக்கு என் மேல கோவம்" என்று அக்காவிடம் கோள் சொன்னார். ஆறு நாள் கிரீஸில் கிடந்துவிட்டு ஏழாம் நாள் கருவாட்டு நாற்றத்தில் நிற்கிறவனுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

நாலாவது ஞாயிறு வாவு முகம்மது முடிவாகச் சொல்லிவிட்டார். "வேற ஒரு ஆளு கேக்குறாரு அண்ணே. புதங்கிழமைக்குள்ள சொல்லிருங்க. இல்லன்னா அவருக்குத்தான்."

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. என்னை விடாமல் சிக்கலுக்கே கூட்டிப்போனார். அக்கா சோறு போட்டு, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தாள். நான் மடமடவென்று குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே அக்காவிடம், "கடலுக்கு மேல பாலந்தான் தெறந்தாச்சே. ஒன்னைய ராமேஸ்வரத்துக்குக் கார்லயே கூட்டிப் போவேன்ல?" என்றார்.

"நான் கேட்டேனா?" என்றாள் அக்கா.

கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் சொன்னேன். தகட்டைப் பற்றவைத்துவிடலாம், பெயிண்ட் அடித்துவிடலாம். வேறு வண்டியின் ரேடியேட்டரை வெட்டி ஒட்டிக்கூடப் பார்க்கலாம். ஆனால் இஞ்சினுக்குள் தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் உப்பு அடைத்துக் கிடக்கிறது. ஓட ஓடக் கொதிக்கும், கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும். இனி ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் போனாலும் இஞ்சின் அவ்வளவுதான்.

"நல்ல தண்ணி ஊத்துனா ஓடுமா, ஓடாதா? அதச் சொல்லு."

"ஓடும். வெளியே கெளம்புற அன்னைக்கெல்லாம் ரெண்டு கொடம் வேணும்."

"அம்புட்டுத்தானா?" மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்ன. பஞ்சம்மா ஒரு நடை கூடப் போயிட்டு வந்துருவா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊருணி வற்றிப்போய், இரண்டு மைல் தள்ளி ஓடை மணலில் ஊற்றுத் தோண்டித்தான் ஊருக்கே தண்ணீர். விடியுமுன் தள்ளுவண்டியில் ஆறு குடத்தை அடுக்கிக்கொண்டு அக்கா போவாள். திரும்பி வரும்போது வெயில் ஏறியிருக்கும். அந்த வண்டிச் சக்கரத்துக்குக்கூட இந்த மனிதர் ஒரு நாள் எண்ணெய் போட்டதில்லை. இலையை மடக்கிவிட்டு எழுந்தேன். அக்கா கையமர்த்தினாள்.

"ஏலே, உக்காருடா," என்றாள் என்னிடம். பிறகு அவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நாளைக்கு அந்த ரெண்டு கொடத்த நீங்க போயி எடுத்துட்டு வாங்க. கொண்டாந்துட்டா வாங்கிருவோம். நானே சரிங்கிறேன்."

நான் ஷெட்டுக்கு லீவு போட்டுவிட்டேன். இதைப் பார்க்காமல் போக மனமில்லை.

மனிதர் தள்ளுவண்டியோடு போனார். அவருக்குக் கார் அவ்வளவு வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் ஆம்பிளை தண்ணிக்குப் போகிற வழக்கமில்லை. ஊற்றடியில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் நேராக ஊற்றுக்குள் இறங்கப் போனார். பக்கத்து வீட்டு ராக்கு, "வரிசையில நில்லுங்கண்ணே. காருக்குன்னா மட்டும் கசிஞ்சு வந்துருமா?" என்று கடைசிக்கு அனுப்பினாள். முறை வந்ததும் குழிக்குள் குத்துக்காலிட்டு, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றினார். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம். வருகிற வழியில் சக்கரம் மணலில் புதைந்து, தூக்கிவிடப் போனதில் ஒரு குடம் பாதி கொட்டிவிட்டது. உச்சி வெயிலில் ஒன்றரைக் குடத்தோடு வீட்டுக்கு வந்தார். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

பாவமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை.

குடங்களை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "வாவுகிட்டச் சொல்லிரு மாப்ள. வேண்டாம்," என்றார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. எனக்குத் தெரிந்து அவர் தானாக எடுத்த முதல் முடிவு அது. மனிதர் இன்றைக்கு எதையோ கண்டுகொண்டார் என்று நினைத்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை போனது போகட்டும் என்று அவரை மன்னித்துக்கூட விட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்காக இருட்டோடு எழுந்து முற்றத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சக்கரம் கிரீச்சிட்டது. அக்கா ஆறு குடத்தை அடுக்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே கட்டிலில் மச்சான் கண் விழித்துத்தான் கிடந்தார். சத்தத்தைக் கேட்டுவிட்டுப் புரண்டு படுத்தார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட ஊற்றுக்குப் போகவில்லை. ஊருக்குக் குழாய் வரும்வரை பத்துப் பன்னிரண்டு வருஷம் அக்காதான் தள்ளினாள். அவர் மட்டும் கல்யாண வீடு, கருமாதி வீடு என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "கார் வாங்க இருந்தேன். பஞ்சம்மா தண்ணி சுமக்கணுமேன்னு விட்டுட்டேன். அவளுக்காக விட்டுட்டேன்." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

ஒரு தடவை என் முன்னாலேயே சொன்னார். நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அக்கா என் கையில் செம்பைக் கொடுத்திருந்தாள். ஷெட்டில் நாளெல்லாம் எண்ணெயோடு கிடக்கிறவன் நான், அத்தனை வருஷத்தில் அந்தத் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு நானும் ஒரு சொட்டு விட்டதில்லை. தண்ணீரைக் குடித்தேன்.