உருமாறியும் கயிற்றுக்காரனும்

சேலை டிசைன் போடுகிற கட்டத்தாள் ஒன்று, நான்காக மடித்தபடி, என் மேசை இழுப்பறையில் நாலு வருடமாகக் கிடந்தது. அது என் அக்கா வீட்டுக்காரருடையது. ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் முறுக்குத் தட்டுக்கு அடியில் அவர் வைத்துவிட்டு எழுந்துபோன தாளை, என் காகிதங்களோடு சேர்த்து வாரிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே என்ன இருக்கும் என்று குத்துமதிப்பாகத் தெரியும். அதனாலேயே பிரித்துப் பார்க்கவில்லை.

அப்போது நானும் ஆரணியில்தான், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள்தான் ஒரு ஆட்டத்தை எங்களுக்குப் பழக்கினாள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒரு விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அக்கா கதை சொல்வாள். மந்திரமும் அரக்கர்களும் நிறைந்த ஒரு தேசம். நாங்கள் மூன்று பேர் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும், பெரிய எண் விழுந்தால் பலிக்கும். அக்காவோடு வேலை பார்க்கிற இங்கிலீஷ் டீச்சர் வைத்தியச்சி. மாமா கயிற்றுக்காரன், முடிச்சுப் போடுவது, ஏறுவது, இறக்குவது. நான் உருமாறி. எந்த மிருகமாகவும் மாறலாம்.

உருமாறியை எடுத்தவனுக்கு வாழ்வுதான். பூட்டிய கதவா, எலியாகிக் கீழே நுழைவேன். ஆறா, மீன். சண்டையா, புலி. புலிக்கு விழுகிற அடியெல்லாம் புலியோடு போய்விடும். மறுபடி மனுஷனாக நிற்கும்போது என் உயிரில் ஒரு புள்ளி குறைந்திருக்காது. சட்டை கிழிந்தால் உடம்புக்கென்ன என்கிற கதை. மற்ற இருவரும் என்ன செய்ய வாயெடுத்தாலும் அதைச் செய்ய என்னிடம் ஒரு மிருகம் இருந்தது. எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் என்று அக்கா திட்டுவாள். எனக்கு அது பாராட்டு மாதிரி இனித்தது, வெட்கங்கெட்டவனுக்கு.

மாமா பேசுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறவர். முதலில் தொண்டையைச் செருமுவார், மோட்டுவளையைப் பார்ப்பார், அப்புறம்தான் வார்த்தை வரும். எங்கள் வீட்டில் அதற்குள் வேறு யாராவது பேசி முடித்திருப்போம். தறிக்குப் பட்டு கொடுக்கிறவரிடம் அவர் சொல்ல வந்ததைக்கூட, கூடப் போன நான் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவர் ஞாயிறு மத்தியானம் ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார். ஆட்டத்தில் அவரவர் முறை வரும்போது அடுத்தவர் பேசக் கூடாது என்று அக்கா வைத்த சட்டம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அவர் முறை வருவதற்குள் நான் காரியத்தை முடித்திருப்பேன். ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "மச்சான், என் கயிறு ரெண்டு மாசமா தோள்லயே கெடக்குதுடா. ஒரு தபாவாவது அவுக்கணும்." நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் உருமாறிக்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தாள்: ஒரு நாளைக்கு இரண்டே உருவம், அதில் பட்ட அடியில் பாதி சொந்த உடம்புக்கும் வரும். நான் விடுவேனா? போனில் விதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் வாதாடினேன். உருமாறிக்கு மந்திரம் குறைவு, கவசம் கிடையாது, எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் புத்தகத்தில் சமன் செய்திருக்கிறார்கள், நீ யார் மாற்றுவதற்கு என்றேன். "ரூல்ல இருக்கறதெல்லாம் ஞாயமாயிடுமாடா? பக்கத்துல ஒக்காந்துகினு இருக்கற ஆளப் பாரு" என்றாள். நான் பார்க்கவில்லை. கடைசியில் மாமாவே, "உடு, எதுக்குப் பேஜாரு, அவன் ஆசப்படறான்" என்றார். நான் ஜெயித்துவிட்டேனாம். முறுக்கு எடுத்துத் தின்றேன்.

சட்டத்தால் முடியாததை அக்கா கதையால் செய்து பார்த்தாள். ஒரு பெரும் பள்ளத்தாக்கு. இந்தக் கரையில் கிழவர்களும் குழந்தைகளுமாகப் பதினைந்து பேர். பின்னால் எதிரிப்படை. எப்படிக் கடத்தப்போகிறீர்கள், ஒரு வாரம் யோசித்து வாருங்கள் என்று அதோடு நிறுத்தினாள். யாருக்காகப் போட்ட பள்ளத்தாக்கு என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த வாரம் முழுக்க மாமா சாப்பிடும்போதுகூட விரலால் தட்டோரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாராம். அக்கா பிற்பாடு சொன்னாள்.

ஞாயிறு வந்தது. மாமா மடித்த கட்டத்தாளோடு உட்கார்ந்தார். செருமினார். மோட்டுவளையைப் பார்த்தார். "அதாவது... ரெண்டு கரையிலும் மரம் கீது. மொதல்ல..." என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எதுக்கு மாமா அதெல்லாம்? ராட்சசக் கழுகா மாறி ஒவ்வொருத்தரா தூக்கிகினு போயிடறேன்" என்று பகடையை உருட்டினேன். பதினெட்டு விழுந்தது. அக்கா என்னையே பார்த்தாள். புத்தகப்படி தப்பில்லை, அவள் தலையாட்ட வேண்டியதாயிற்று. மூன்று நிமிடத்தில் பதினைந்து பேரும் அக்கரை. வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்தேன். இங்கிலீஷ் டீச்சர்கூடக் கை தட்டவில்லை.

மாமா கோபப்படவில்லை. "அதுவும் சரிதான், ஜல்தியா முடிஞ்சிது" என்றார். தாளை அப்படியே தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து தறிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே தறிச் சத்தம் கேட்டது. அடுத்த ஞாயிறு அவருக்கு அவசர வேலை இருந்தது, அதற்கடுத்த ஞாயிறும் இருந்தது. பிறகு அக்காவே புத்தகத்தைப் பரணில் போட்டாள். எனக்கும் சென்னை அலுவலகத்தை மறுபடி திறந்துவிட்டார்கள், கிளம்பிவிட்டேன்.

போன மாதம் வீடு மாற்றும்போது அந்தத் தாளைப் பிரித்தேன். கட்டம் கட்டமாக எண்ணி, பென்சிலால் பள்ளத்தாக்கு. சிவப்புப் பேனாவில் கயிற்றுப் பாலம், ஒவ்வொரு முடிச்சுக்கும் பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி விளக்கம். பாலத்தின் நடுவில் வைத்தியச்சி, கிழவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேலே ஒரு கழுகு. முந்தானையில் வருகிற கிளி மாதிரிதான் அவருக்கு வரைய வந்திருக்கிறது. அதன் வாயிலிருந்து மெல்லிய கோடு ஒன்று அக்கரை மரத்துக்குப் போகிறது. கீழே எழுதியிருந்தார்: "மொதல்ல மச்சான் கயித்து முனையைக் கொண்டு போவணும். அவன் இல்லாட்டி இது ஆவாது."

மூன்று பேருக்கும் வேலை இருந்தது. முதல் வேலை எனக்கு. அன்றைக்கு "மொதல்ல" என்று ஆரம்பித்தவர் அடுத்து என் பெயரைத்தான் சொல்ல வந்திருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. புத்தகம் போட்டவர்களும் அக்காவும் நானும் மல்லுக்கட்டிய அந்தச் சமநிலையை இந்த மனுஷர் ஒரு தாளில் போட்டு முடித்து வைத்திருக்கிறார். நான் கேட்கத்தான் இல்லை.

மறுநாளே தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆரணிக்கு பஸ் ஏறினேன். காலையில் போய் இறங்கியபோது தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகள். மாமா ஒரு முனையில் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "மாமா, சாயங்காலம் மறுபடி அந்த ஆட்டம் ஆடலாமா? உருமாறி வேணாம் எனக்கு."

செருமினார். நான் காத்திருந்தேன். "நீங்கள்லாம் ஆடுங்க மச்சான். நான் பாத்துகினு இருக்கேன்" என்றார். முகத்தில் துளி வருத்தம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு, அந்தப் பக்கம் ஆள் போதவில்லை போலிருக்கிறது, என்னைப் பார்த்து, "சும்மாதான நிக்கற? அந்த முனையக் கொஞ்சம் புடி. நான் சொல்ற வரைக்கும் உட்றாத" என்றார்.

போய்ப் பிடித்தேன். சட்டைப்பையில் தாள் குத்தியது. வெயில் ஏறுகிற வரை, அவர் போதும் என்று சொல்கிற வரை, வாயைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.