அதே மாத்திரைக்குப் பணம் கொடுத்தவர்கள்

என் மனைவி குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் வீடு திருக்கோகர்ணத்தில். அங்கேயே இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். தினமும் அவள் ஸ்கூட்டியில்தான் பள்ளிக்குப் போய் வருவாள். ஒருநாள் சாயங்காலம் திரும்பி வரும்போது, ரோடு போடுவதற்காகக் கொட்டி வைத்திருந்த ஜல்லியில் வண்டி சறுக்கி விழுந்தாள். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிளேட் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்காரர்களைப் போல நல்லவர்கள் உலகத்தில் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். கார்டைக் காட்டினோம், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் கொடுத்த மருந்துப் பை வரைக்கும் அவர்கள் பொறுப்பு. பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட் எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிறவர். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்.

"நான் பாலிசி போடுங்கன்னு சொன்னப்ப எம்புட்டு யோசிச்சீங்க தம்பி. இப்பப் பாருங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்று தலையாட்டினேன். அந்த மருந்துப் பையில்தான் அந்த வலி மாத்திரையும் இருந்தது.

எலும்பு கூடிவிட்டது. வலி போகவில்லை. நரம்பில் அடிபட்டிருக்கிறது, நாளாகும் என்றார்கள். ஒவ்வொரு முறை காட்டப் போகும்போதும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். அவள் மறுபடியும் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள், பஸ்ஸில். முகத்தில் ஒரு தெளிவு இருந்ததால் நான் அதிகம் விசாரிக்கவில்லை. பிறகு சில விஷயங்கள் கண்ணில் பட்டன. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் முன்னாலேயே கண் செருகும். சில நாள் காலையில் காரணமே இல்லாமல் மூக்கு ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், சும்மா கேட்ட கேள்விக்குக்கூட எரிந்து விழுவாள். பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்த கன்னியாஸ்திரி என்னை போனில் கூப்பிட்டு, "டீச்சருக்கு உடம்பு சரியில்லையா? நாற்காலியில உக்காந்தபடியே தூங்கிடுறாங்க" என்று கேட்டார். சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவளேதான் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சேலையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். வெயில் காலம். கையில் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது.

"என்னங்க, எனக்கு இப்ப கால் அவ்வளவா வலிக்கல."

"நல்லதுதானே."

"வலிக்கல. ஆனா மாத்திரை இல்லாம இருக்க முடியல. பரீட்சை லீவுல நிறுத்திப் பாத்தேன். உசுரு போற மாதிரி ஆயிருச்சு. இப்ப சீட்டுல இருக்கறதவிட கூடவே போடுறேன். வேற கடையிலயும் வாங்குறேன். எனக்குப் பயமா இருக்குங்க."

குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கடைக்கே வருவார்கள். நாள் தவறாமல் செபமாலை சொல்கிற, கேக்கில் ஒயின் ஊற்றியிருந்தால்கூட ஒதுக்கி வைக்கிற ஒருத்திக்கு இப்படி நேரும் என்று யார் நினைப்பார்கள்?

உள்ளூர் அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன். "அங்க சீட்டு வாங்குற வரிசையில எங்கிட்டப் படிக்கிற பிள்ளைகளோட அம்மாமாருதான் நிப்பாங்க. நான் மாட்டேன்" என்றாள். எலும்பு டாக்டரிடமே போனோம். அவர் அதே மருத்துவமனையில் இருந்த மனநல மருத்துவரிடம் அனுப்பினார். நடுத்தர வயது அம்மா. என்னையும் உட்கார வைத்துத்தான் பேசினார்.

"இவங்க கெட்டுப்போனதால வந்ததில்ல இது. ரொம்ப நாள் போட்டதுல உடம்பு அந்த மருந்துக்குப் பழகிருச்சு. திடீர்னு நிறுத்தக் கூடாது. இங்க தங்க வச்சு மாத்து மருந்து ஆரம்பிக்கலாம். அதுக்கப்பறம் மாசக்கணக்குல தொடரணும், கவுன்சிலிங்குக்கும் வரணும். அவசரப்படக் கூடாது."

என் மனைவி அழுதாள். திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்குத் திட்டு கிடைக்கவில்லை, அதனால் அழுதாள் என்று நினைக்கிறேன். எனக்கும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கார்டை எடுத்துக்கொண்டு கீழே காப்பீட்டுக் கவுன்டருக்குப் போனேன். போன தடவை கையெழுத்து வாங்கிய அதே கவுன்டர்.

அங்கே இருந்த பெண் டைப் செய்துகொண்டே வந்து நிறுத்தினாள். "சார், டயக்னாசிஸ்ல ஓபியாய்டு, அபின் வகை மருந்துப் பழக்கம்னு இருக்கே. ரிஜெக்ட் ஆகலாம் சார்."

"ஏம்மா? இங்க எழுதிக் குடுத்த மாத்திரைதானே?"

"நான் அனுப்புறேன் சார். அவங்க முடிவுதான்."

மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. மது, போதைப்பொருள் பழக்கம், அவற்றால் வரும் விளைவுகள் ஆகியவற்றுக்கான சிகிச்சை இந்த பாலிசியில் அடங்காது. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள், அந்த மாத்திரைக்குப் பணம் கொடுத்தவர்கள், அதனால் வந்த கெடுதலைத் தீர்க்க நாங்கள் வரும்போது அதற்குப் போதை என்று பெயர் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அன்று சேர்க்காமலே வீட்டுக்குத் திரும்பினோம். காப்பீட்டு நிறுவனத்துக்கு நான் போன் செய்தேன். தமிழுக்கு ஓர் எண், ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளருக்கு ஓர் எண் என்று அழுத்தி அழுத்தி, காத்திருக்கச் சொல்லிப் போட்ட பாட்டைக் கேட்டு, கடைசியில் ஒரு சின்னப் பெண் குரல் வந்தது.

"பேஷன்ட் உங்களுக்கு என்ன வேணும் சார்?"

"என் மனைவி."

"எவ்வளவு நாளா ட்ரக்ஸ் யூஸ் பண்றாங்க சார்?"

"ட்ரக்ஸ் இல்லம்மா. நீங்க பணம் கட்டுன ஆப்பரேஷனுக்கு டாக்டர் எழுதிக் குடுத்த வலி மாத்திரை."

"ஓகே சார். ஆல்கஹால் எடுப்பாங்களா?"

"அவங்க ஒரு டீச்சரும்மா."

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. டீச்சர் என்றால் குடிக்க மாட்டார்களா? அந்தப் பெண் அதையும் எதிரே இருந்த திரையில் பார்த்துப் பார்த்து டைப் செய்திருப்பாள். விவரத்தை மெயிலில் அனுப்பச் சொன்னாள். அடுத்த முறை கூப்பிட்டபோது வேறு குரல். மறுபடி முதலிலிருந்து. ஜல்லி, தொடை எலும்பு, பிளேட், மாத்திரை. மனைவிக்கு நேர்ந்த கஷ்டத்தை முகம் தெரியாத ஒவ்வொருவரிடமும் பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தேன். கடையில் ஆள் நின்றால் போதை என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்ல முடியாது. பழைய டயர் போட்டு வைத்திருக்கும் பின்பக்கத்துக்குப் போய்ப் பேசுவேன். செயின் வாங்க வந்தவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ஏஜென்ட் அண்ணனை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, வழி இருக்கு. டாக்டர்கிட்ட அந்தப் போதைங்கற பேரை மட்டும் எடுத்திரச் சொல்லுங்க. நரம்பு வலி, தூக்கமில்ல, அப்புடின்னு போட்டு அட்மிட் பண்ணட்டும். அது பாஸ் ஆயிரும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

எனக்கு அது தப்பாகவே படவில்லை. எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. உள்ளே படுத்திருந்தவள் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் அண்ணே. பேரை மாத்தினா நாளைக்கு இன்னொரு வலின்னு போறப்ப வேற டாக்டர் இதே மாத்திரையத்தான் எழுதுவாரு. நான் வேணாம்னு சொல்லுவேனான்னு எனக்கே தெரியாது. என் ஃபைல்ல அது அப்புடியே இருக்கட்டும்."

அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டு, "நீங்க சொல்றதும் சரிதாம்மா" என்று கிளம்பிவிட்டார். அவர் போனதும் நான்தான் சத்தம் போட்டேன். ஒனக்கு நியாயம் பேச இதுதான் நேரமா, பணத்துக்கு நான் எங்கிட்டுப் போவேன் என்று கேட்டேன். அவள் தாலிச் செயினைக் கழற்றி மேசையில் வைத்தாள். மஞ்சள் கயிற்றில் சிலுவையைக் கோத்துக் கட்டிக்கொண்டாள். அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. அவள் மேலா, அந்த நிறுவனத்தின் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நகையை அடகு வைத்து அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் சில நாட்கள் மோசமாகத்தான் இருந்தன. மாற்று மருந்து கொடுப்பதற்கு முன் பழைய மாத்திரை இல்லாமல் உடம்பு கொஞ்சம் காய வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில் அவள் கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன, போர்வையைப் போர்த்துவதும் தள்ளுவதுமாக இருந்தாள், வாந்தி எடுத்தாள். நாக்குக்கு அடியில் வைக்கிற அந்த மாற்று மாத்திரை வந்த பிறகு, மழை விட்ட மாதிரி அடங்கியது. அன்று மத்தியானம் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் வராந்தாவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்க்கக்கூட விடவில்லை அந்த போன்.

ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம் கால் செக்கப் என்று சொன்னோம். எங்கள் பக்கம் போதை என்ற சொல்லைக் கேட்டால் ரோட்டோரம் வேட்டி விலகிக் கிடக்கிற ஆளைத்தான் நினைப்பார்கள். அவர்களிடம் நான் பொய் சொன்னேன். காப்பீட்டுக்காரர்களிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு இடத்திலும் களைப்புத்தான் மிச்சம்.

நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். முதலில் வந்த அதே வாசகம், தேதியை மட்டும் மாற்றித் திரும்பி வந்தது. டாக்டரம்மாவிடம் காட்டினேன். இதுவும் மனநோய்க் கணக்குத்தான், அதையும் மற்ற நோய் மாதிரியே காப்பீடு ஏற்கணும்னு சட்டமே இருக்கு, நான் எழுதித் தாரேன், விடாதீங்க என்றார். எழுதியும் கொடுத்தார். அதற்கும் அதே வாசகம் வந்தது. படிக்கிறார்களா என்றே சந்தேகமாக இருந்தது. பிறகுதான் நிறுவனங்கள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு அனுப்பினேன். மாதங்கள் போயின. எங்கள் கல்யாண நாளும் அதற்குள் வந்து போனது.

விசாரணை வீடியோவில் நடந்தது. கடைக்கு லீவு விட்டுவிட்டு, அலமாரி மேல் போனைச் சாய்த்து வைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிறுவனத்தின் சார்பில் டை கட்டிய ஒருவர் விதியை வாசித்தார். அதிகாரி வயதானவர், மெதுவாகப் பேசினார்.

"அந்த மருந்தை முதலில் யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"எங்கள் பட்டியலில் உள்ள நெட்வொர்க் மருத்துவமனை" என்றார் டை கட்டியவர்.

"அதற்கு நீங்கள் பணம் கொடுத்தீர்களா?"

"கொடுத்தோம் சார். ஆனால் அது வேறு கிளெய்ம்."

என் மனைவி குறுக்கே பேசினாள். "சார், கிளெய்ம்தான் வேற. உடம்பு ஒண்ணுதான்."

அதிகாரி தலையை அசைத்துக்கொண்டார். நெட்வொர்க் போய் எங்கள் பக்கம் படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது விசாரணை முடிந்திருந்தது.

தீர்ப்பு பாதி எங்களுக்குச் சாதகமாக வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சையிலிருந்து வந்த பாதிப்பு என்பதால், மருத்துவமனையில் தங்கிய செலவைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதன் பிறகு மாதாமாதம் வாங்கும் மருந்துக்கும் கவுன்சிலிங்குக்கும் இல்லை. படுக்கையில் சேராமல் பார்க்கும் வைத்தியத்துக்கு என் பாலிசியில் இடமே கிடையாதாம். டாக்டரம்மா முதல் நாளே சொன்னார், தங்குவது கொஞ்ச நாள், தொடர்வதுதான் வைத்தியம் என்று. கொஞ்ச நாளுக்குத்தான் பணம் வந்தது.

ஜெயித்துவிட்டீர்கள் என்று ஏஜென்ட் அண்ணன் கை கொடுத்தார். அடகுக் கடையிலிருந்து செயின் வந்தது, அது உண்மை. ஆனால் நான் ஜெயித்த மாதிரி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. என்னைப் போல விடாமல் போன் செய்ய நேரமில்லாதவர்கள், பின்பக்கம் போய்ப் பேச டயர் கிடங்கு இல்லாதவர்கள், ஃபைலில் பேரை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அல்லது வைத்தியமே வேண்டாம் என்று சீட்டில்லாமல் மாத்திரை தருகிற அந்த வேறு கடைக்கே திரும்பிப் போவார்கள். இதை யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். வகுப்பில் தூங்குவதில்லை. குளிர்காலத்தில் கால் வலித்தால் வெந்நீர் ஒத்தடம், அதற்கு மேல் போனால் டாக்டரம்மாவுக்கு ஒரு போன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கீரனூர் வழியாகத் திருச்சி பஸ்ஸில் போய் வருகிறாள். மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். ஒருமுறை குறைத்தது ஒத்துக்கொள்ளாமல் மறுபடி ஏற்றினார்கள். அன்றைக்கு முகம் வாடி வந்தாள். மறுநாள் வழக்கம் போலக் கிளம்பிப் போனாள்.

போன மாதம் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்தது. பிரீமியம் ஏறியிருந்தது. கட்ட மாட்டேன் என்று சொல்லி போனை மேசையில் வைத்துவிட்டேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"ஏங்க, கட்டலயா?"

"எதுக்கு? தேவைன்னா கதவைச் சாத்துறதுக்கா?"

"எனக்கில்ல. ஒங்களுக்குச் சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. நாளைக்கு ஒங்களைத் தூக்கிக்கிட்டுப் போனா நான் யாருக்குப் போன் பண்றது?"

"அவங்களுக்குத்தான் பண்ணுவே. பாட்டுப் போடுவாங்க, கேளு."

"கேட்டுக்கிறேன். கட்டுங்க" என்றாள்.

கட்டினேன். வயிற்றெரிச்சலோடுதான் கட்டினேன்.