ஞானதீபம் டீச்சரும் இன்னொரு உலகமும்

சாளையின் தலையைக் கிள்ளிச் சட்டிக்கு வெளியே போட்டுக்கொண்டே ஞானதீபம் டீச்சர் கேட்கிறார்: "சரி, அந்த உலகத்துல இந்த மீன யாரு கழுவுதா?"

கேள்வி, கணவர் எபனேசர் சாருக்கு. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். புதுத் துறைமுகம் திறந்த வருஷம் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் படித்ததை இன்னும் கீழே இறக்கி வைக்கவில்லை. ஓர் அணுத்துகள் இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம் என்றால் இரண்டு பக்கமுமே போகிறதாம். உலகம் அந்த இடத்தில் இரண்டாகக் கிளைக்கிறதாம். பார்த்துக்கொண்டிருக்கிற நாமும் இரண்டாகிவிடுகிறோமாம். இங்கே நடக்காமல் போனது அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

இதை மறுப்பதற்கென்றே சனிக்கிழமைதோறும் கணக்குப் பேராசிரியர் சங்கரபாண்டியன் அவர்கள் வீட்டுப் புறவாசலில் வந்து உட்காருவார். தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊர்க்காரர், சுத்த சைவம். அவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுக்கும்போது மட்டும் டீச்சர் மீன் வேலையை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவார்.

விவாதத்தில் டீச்சர் எப்போதும் சங்கரபாண்டியன் கட்சி. "ஒரு உலகத்துக்கே ரேசன்ல அரிசி இல்ல. இவுக ரெண்டாவதுக்கு எங்கன போவாவ?" ஆரம்பப் பள்ளி வகுப்பை ஒரே அதட்டலில் அடக்குகிற குரல் அது. எதைப் பொறுத்தாலும் பொய்யைப் பொறுக்க மாட்டார். பொய் சொன்ன பிள்ளை மணி அடிக்கிறவரை பெஞ்சு மேல் நிற்க வேண்டியதுதான்.

சார் எலெக்ட்ரானில்தான் தொடங்குவார். போய் முடிவது சொந்த ஊரான நாசரேத்தில். கல்யாண வயதில் சாத்தான்குளத்துக் கிரேசியைக் கட்ட ஆசைப்பட்டார். சபை உபதேசியாரான சாரின் அப்பா, கர்த்தருடைய சித்தம் எதுவோ பார்த்துவிடுவோம் என்று ஜெபம் பண்ணித் திருவுளச்சீட்டுப் போட்டார். 'சித்தம்' என்று ஒரு சீட்டு, 'சித்தமில்லை' என்று ஒரு சீட்டு. மகன் கை எடுத்தது 'சித்தமில்லை'.

"மத்தச் சீட்ட எடுத்த எபனேசர் சாத்தான்குளத்துல இருக்கான்" என்பார் சார், சும்மா உதாரணத்துக்குச் சொல்வதுபோல.

"அங்கன நான் என்ன செய்யுதேன்?"

"நீயும் எங்கயாது இருப்ப."

வலிக்காமல் என்ன செய்யும்? டீச்சருக்குக் கிரேசி மேல் கோபமில்லை. அந்த உலகத்தின் மேல்தான் கோபம். அதை ஒரே வார்த்தையில் இழுத்து மூடவும் அவரால் முடியும். மாமியார் உயிரோடிருந்தபோது ஒருநாள் பனங்கிழங்கு உரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்: "ரெண்டு சீட்டுலயும் சித்தமில்லன்னுதான் எழுதுனாவ ஒங்க மாமா. கிரேசிக்க அப்பன் சபை எலெக்சன்ல எதிர் அணி."

அப்படியென்றால் எந்தச் சீட்டை எடுத்திருந்தாலும் சாருக்குக் கிரேசி இல்லை. ஆனால் இன்றைக்கும் அப்பாவின் வேதாகமத்தைத் திறக்காமல் சார் காலை ஜெபம் செய்ததில்லை. செத்துப்போன மனுஷனை அந்த உயரத்திலிருந்து இழுத்துப் போட டீச்சருக்கு மனசு வரவில்லை. அடுத்த மீனை எடுப்பார்.

போன சனிக்கிழமை, காப்பி பாதி குடித்திருந்த சங்கரபாண்டியன், யாரையும் நோகடிக்கிற எண்ணமே இல்லாமல் கணக்காக ஒன்று கேட்டார்: "சார், கிளை பிரியணும்னா ரெண்டு வழி இருக்கணும்லா? ரெண்டு சீட்டுலயும் ஒண்ணையே எழுதியிருந்தா?"

இத்தனை வருஷத்தில் அந்த நினைப்பே சாருக்கு வந்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ரெண்டாவது சீட்ட நான் பிரிச்சுப் பாக்கல" என்றார் மெதுவாக. பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "அம்மா ஒங்கிட்ட ஏதும் சொன்னாளா?"

டீச்சர் கையிலிருந்த மீனைச் சட்டியில் வைத்தார்.

"சொன்னாவ. ஒண்ணுல சித்தம், ஒண்ணுல சித்தமில்ல. அத்தை கண்ணால பாத்தாவளாம்."

சொல்லிவிட்டு எழுந்தார். செதில் ஒட்டியிருந்த கையாலேயே, சங்கரபாண்டியன் பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.