ஹெம்லக் தெருவின் தலைக்கணக்கு

வெர்னா ராண்டலாவின் முடிதிருத்தும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆல்டர் கிரீக் ஊரில் எவரும் நெடுநேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை. மரம் அறுக்கும் ஆலையில் யாருக்கு வேலை போகப்போகிறது, எந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெற்கே கிளம்பப்போகிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியுமுன்பே அவருடைய கத்தரிக்கோலுக்குத் தெரிந்துவிடும். மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், ஏரிக்காற்று ஆண்டில் பாதி நாள் பனியைக் கொண்டுவந்து கொட்டும் அந்த ஊரில், அவர் வீட்டு முன்னறைதான் கடை. கடைச் சன்னலுக்கு நேரெதிரே ஹெம்லக் தெருத் தொடக்கப்பள்ளி. அவர் படித்ததும் அங்கேதான். அவருடைய இரு மகன்கள் படித்ததும் அங்கேதான்.

பள்ளி வாரியத்தில் அவர் உறுப்பினரானதற்கும் அந்த நாற்காலியே காரணம். தேர்தலில் நிற்க ஆளில்லாமல் வாரியத்தில் ஓரிடம் காலியாகக் கிடந்த ஆண்டில், அதே வாரியத்தில் இருந்த தீவனக் கடைக்காரர் ரஸ் மாட்டிலா முடி வெட்டிக்கொள்ள வந்தார்.

"ஊரையே பேச வெக்கிறியே வெர்னா, அங்க வந்து நீயும் கொஞ்சம் பேசேன்" என்று விளையாட்டாகச் சொன்னார். வெர்னா நின்றார், எதிர்த்து எவரும் நிற்காததால் வென்றார். அதன்பிறகு வாரியத்தில் இருவரும் ஒத்துப்போன நாள் குறைவு. "வம்ப வெலைக்கு வாங்கினவன் நான்தான்" என்று ரஸ் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொள்வார்.

வாரியத்தில் எழுவர். ஒவ்வொரு மாதமும் உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் கூடுவார்கள். எந்தப் பேச்சை எடுத்தாலும் அது இறுதியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். பிள்ளை எந்த ஊர்ப் பள்ளியில் உட்காருகிறதோ அந்த ஊருக்குத்தான் மாநில அரசின் பணம் போகும். அக்டோபர் மாதத்தின் முதல் புதன்கிழமை தலைக்கணக்கு எடுப்பார்கள். ஆண்டு முழுவதற்குமான பணத்தில் பெரும்பங்கு அந்த ஒரு நாளின் கணக்கைப் பொறுத்தது. அதனால் அன்றைக்குப் பள்ளியில் பீட்சா உண்டு, ஐஸ்கிரீம் உண்டு, இரவு உடையோடு வகுப்புக்கு வரலாம் என்ற சலுகையும் உண்டு. பிள்ளைகளுக்கு அது திருவிழா. பெரியவர்கள் அன்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

டெஸ்ஸா என்ற சிறுமிக்கு ஒரு கேடு நேர்வதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் மாவட்டக் கண்காணிப்பாளர் ஹேவர்லி வாரியத்தின்முன் எழுந்து நின்றார். வெளியூர்க்காரர், எப்போதும் களைத்த முகம்.

"ரெண்டுல ஒண்ணுதாங்க. ஹெம்லக் பள்ளிக்கூடத்த மூடணும், இல்லேன்னா நர்ஸ் வேலையையும் வாசிப்பு டீச்சர் வேலையையும் எடுத்துடணும். எல்லாத்தையும் வெச்சுக்கிட்டிருக்கக் காசில்ல."

வெர்னா முந்திக்கொண்டார். "நர்ஸ் இல்லேன்னா பிள்ளைங்க செத்தா போயிடும்? மூக்கு ஒழுகினா தொடச்சு விட எனக்குத் தெரியாதா?"

"அப்ப வாசிக்கக் கத்துக் குடுக்கறதும் நீதானா?" என்று கேட்டார் ரஸ்.

"அத எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச யாரு வேணாலும் செய்யலாம் ரஸ். உனக்கு மட்டும் அந்த வேலை கெடைக்காது."

நூலகமே சிரித்தது. ரஸ்ஸும் சிரித்தார். பள்ளி பிழைத்தது. செவிலியர் அறையில் நகல் எடுக்கும் தாள்களை அடுக்கினார்கள்.

சிரிப்பு அடங்கிய பின் நடந்தவை மெல்ல நடந்தன. ஓராசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்தவேண்டியதாயிற்று. எழுத்துகளைக் கண்டு மிரண்ட பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துச் சொல்லித்தர ஆளில்லை. மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் பாதிப்பேர் தேறவில்லை. அந்தச் செய்தி வெளிவந்ததும் வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விடத் தொடங்கினார்கள். பிள்ளைகளோடு பணமும் போயிற்று. மூன்றாவது ஆண்டுக் கோடையில் வாரியம் தீர்மானம் போட்டது: அக்டோபரில் மாநிலத்துக்கு அனுப்பும் கணக்கில் ஹெம்லக் தெருப் பள்ளிக்குத் தொண்ணூறு பிள்ளைகள் இல்லையென்றால் மூடிவிடுவது. தொண்ணூறு என்ற எண்ணைப் பேரம் பேசிக் கீழே இறக்கியவர் வெர்னா.

அந்த அக்டோபரில் தலைக்கணக்கு எடுக்கும் புதன்கிழமை விடியும்போதே பனிமழை. பள்ளி அலுவலகத்தில் தனியாளாக இருந்த டொலோரஸ், கடைக்குத் தொலைபேசியில் பேசினாள். "எண்பத்தேழுதான் வந்திருக்கு வெர்னா."

வெர்னா கடைக்கதவில் 'மூடியிருக்கிறது' என்று தெரியும்படி அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டுத் தம் பழைய பிக்கப் வண்டியைக் கிளப்பினார். முதலில் நின்ற வீடு கோரின் பெல்லான்ஜருடையது. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். கணவன் விட்டுப்போன பிறகு இரு பிள்ளைகளை ஒற்றையாளாக வளர்ப்பவள். இளையவள் டெஸ்ஸா இரண்டாம் வகுப்பு. சோபாவில் போர்வைக்குள் சுருண்டிருந்தாள்.

"ராத்திரி பூரா சூடு" என்றாள் கோரின். "கழுத்து வலிக்குதுங்கறா. நான் இன்னிக்கு லீவு சொல்லிட்டேன் வெர்னா."

"சொன்ன லீவ வாபஸ் வாங்கு. ஒரு நாள் கூலிய எதுக்கு விடற? பேர் கூப்பிடற வரைக்கும் அவ வகுப்புல உக்காந்தாப் போதும். பன்னெண்டு மணிக்கு நானே கூட்டிட்டு வந்து என் வீட்டுல படுக்க வெக்கறேன்."

"காய்ச்சல்னு சொல்லிட்டா, அப்புறம் வந்தாக்கூட எண்ணிக்குவாங்கன்னு டொலோரஸ் சொன்னாளே."

அது வெர்னாவுக்கும் தெரியும். உடல்நலம் இல்லாத பிள்ளை ஒரு மாதத்துக்குள் பள்ளிக்குத் திரும்பினால் கணக்கில் சேரும் என்பது விதி. ஆனால் சென்ற ஆண்டு அந்த விதியை நம்பித்தான் ஒரு வீட்டு இரட்டைப் பிள்ளைகளை அவர் விட்டுவைத்தார். காய்ச்சல் தீர்ந்ததும் அவர்கள் நேரே பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அன்றுமுதல் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தவிர வேறெதையும் அவர் நம்புவதில்லை.

"அப்புறம்கிறத நம்பி ஒரு தடவ ஏமாந்தாச்சு கோரின். இது உன் பொண்ணு பள்ளிக்கூடம். மூடிட்டா இந்தப் பனியில ஒரு மணி நேரம் பஸ்ல போவா. பாத்துக்க."

கோரின் மகளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். டெஸ்ஸா போர்வையிலிருந்து தலையை நீட்டினாள். "பீட்சா உண்டா, மிஸ் வெர்னா?"

"உனக்கு ரெண்டு துண்டு, கண்ணு."

பள்ளி வாசலில் டெஸ்ஸாவை டொலோரஸிடம் ஒப்படைத்துவிட்டு வெர்னா மற்றப் பிள்ளைகளைத் தேடிப் போனார். காட்டுப்பாதையில் கடைசி வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது வண்டி சேற்றுப்பள்ளத்தில் இறங்கிவிட்டது. தொலைபேசிக்கு அங்கே சமிக்ஞை கிடையாது. டிராக்டர் ஒன்று வந்து இழுத்துவிட்டபோது நண்பகல் எப்போதோ கடந்திருந்தது. வண்டியில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் வெர்னா வழியெல்லாம் அவர்களோடு பாடிக்கொண்டே வந்தார் என்று பின்னர் அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள்.

டெஸ்ஸா பீட்சாவைத் தொடவில்லை. வகுப்பின் பின்புறம் குளிர்க்கோட்டுகளைக் குவித்திருந்த மூலையில் போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு வகுப்புகளை மேய்த்துக்கொண்டிருந்த ஆசிரியை, காய்ச்சல் பிள்ளை தூங்கட்டும் என்று விட்டுவிட்டார். வெர்னா வந்து தோளைத் தொட்டபோது உடம்பு கொதித்தது. கழுத்து மரக்கட்டை போல இருந்தது. கண்கள் திறந்திருந்தும் அவள் யாரையும் பார்க்கவில்லை.

மூளைக்காய்ச்சல். உள்ளூர் மருத்துவமனையில் ஊசி போட்டு, ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். உயிர் தங்கிற்று. இரண்டு காதுகளும் போயின.

மருத்துவமனை நடையில் கோரின் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "காலையிலயே கொண்டு வந்திருந்தா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர். "இதுல ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்தான். ஆனா உறுதியாச் சொல்ல முடியாது."

கோரின் திரும்பி வெர்னாவைப் பார்த்தாள். "வீட்டுல இருந்திருந்தா நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்" என்று சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. 

அன்று காய்ச்சலில் கிடந்து ஒரு மாதத்துக்குள் திரும்பிய மூன்று பிள்ளைகளையும் சேர்த்து, மாநிலத்துக்குப் போன கணக்கில் ஹெம்லக் தெருப் பள்ளிக்குத் தொண்ணூற்று மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். டெஸ்ஸா இல்லாமலே எண்ணிக்கை தேறியிருக்கும். ஊரில் யாரும் இதை வெர்னாவிடம் சொல்லிக்காட்டவில்லை. முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் பருவநிலையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பேசாமல் இருந்தார்கள். பிறகு சிலர் வரவில்லை.

குளிர்காலம் முழுவதும் வெர்னா மாலையில் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் யாரும் செய்யலாம் என்று சொன்னவர் அவர்தானே. ஒரு சொல்லைப் படித்துவிட்டு அதே சொல்லை அடுத்த வரியில் அடையாளம் தெரியாமல் விழிக்கும் பிள்ளையின்முன் அவருக்கு வழி தெரியவில்லை. திரும்பச் சொல், திரும்பச் சொல் என்பார். பிள்ளை அழும். மார்ச் மாதத்துக்குள் போவதை நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரலில் ஹேவர்லி மறுபடியும் அதே பேச்சைக் கொண்டுவந்தார். கையிருப்பு கரைந்துவிட்டது; இன்னும் ஓராண்டு இப்படியே போனால் மாநிலம் மாவட்டப் பள்ளிகளையே தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். ஹெம்லக் தெருப் பள்ளியை ஊர் மத்தியிலுள்ள பள்ளியோடு சேர்த்தால் ஒரு செவிலியரும் இரண்டு வாசிப்பு ஆசிரியர்களும் வைக்கலாம். வாரியத்தில் மூவர் மூடவேண்டும் என்றார்கள். மூவர் கூடாது என்றார்கள். ஏழாவது ஆள் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. ஹெம்லக் தெருவின் ஆள் என்றால் வெர்னா என்றுதான் ஊரே நினைத்திருந்தது.

கூட்டத்தில் ஊரார் இரண்டு முறை பேசலாம்: தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை. ஆளுக்கு மூன்று நிமிடம். மேசைமேல் இருந்த சமையலறை மணிக்கடிகாரத்தைத் தலைவர் திருகிவிடுவார். ஊரார் பேசுவதற்கு வாரியத்தார் பதில் சொல்லக்கூடாது என்பது நெடுநாள் வழக்கம்.

தொடக்கத்தில் கோரின் எழுந்தாள். வேலைச் சீருடையோடு வந்திருந்தாள்.

"அந்தப் பள்ளிக்கூடம் திறந்து இருக்கறதுக்கு என் பொண்ணு தன்னோட காதக் குடுத்திருக்கா. இப்ப மூடாதீங்க. அவ்வளவுதான்."

அவளுக்கு இன்னும் நேரம் மீதியிருந்தது. அவள் உட்காரவில்லை. மணி அடிக்கும்வரை வெர்னாவைப் பார்த்தபடியே நின்றாள். 

வாக்கெடுப்பில் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார்கள். மூடக்கூடாது என்று மூவர் சொல்லி முடித்திருந்தார்கள். ரஸ், "மூடணும்" என்று மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைசியாக வெர்னாவின் பெயர். அவர் கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார். நகங்களில் தலைமுடிச் சாயத்தின் கறை இருந்தது.

"அங்க நர்ஸ் இருப்பாங்க" என்றார்.

"மூடணுமா, கூடாதா?" என்று கேட்டார் தலைவர்.

"மூடணும்."

யாரும் கத்தவில்லை. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியை மடக்கிச் சாத்தும் ஓசை கேட்டது. ஊரார் முடிவில் பேசும் நேரம் வந்ததும் கோரின் மறுபடி எழுந்தாள். தலைவர் கடிகாரத்தைத் திருகினார்.

"அப்ப எதுக்கு அவள எடுத்துட்டுப் போனீங்க?"

பதில் சொல்லக்கூடாது என்பது வழக்கம். வெர்னா அந்த வழக்கத்தை முன்பு எத்தனையோ முறை மீறியவர். ஊராரோடு மல்லுக்கு நின்று தலைவரிடம் திட்டு வாங்கியவர். அன்று வாய் திறக்கவில்லை. மணி அடிக்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரஸ் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த தேர்தலில் வெர்னா நிற்கவில்லை. எதிரே பள்ளிச் சன்னல்களில் பலகை அடித்துவிட்டார்கள். ஹெம்லக் தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும் பேருந்து இப்போது வெர்னாவின் கடைமுன்பு நிற்கிறது. குளிர் தொடங்கியதிலிருந்து அவர் அதிகாலையிலேயே கணப்பை மூட்டிக் கடைக்கதவைத் திறந்துவைக்கிறார். பிள்ளைகள் உள்ளே வந்து நாற்காலிகளில் சுழன்று விளையாடுகிறார்கள். ஒன்றிரண்டு பேர் சுவரில் ஒட்டிய விளம்பரங்களை விரல் வைத்து வாசிக்கிறார்கள். சென்ற ஆண்டைவிடச் சரளமாகவே வாசிக்கிறார்கள்.

டெஸ்ஸாவுக்கு வேறு வண்டி. காது கேளாத பிள்ளைகளுக்கான வகுப்பு தொலைவிலுள்ள வேறொரு மாவட்டத்தில் இருக்கிறது. அவளுடைய தலை இப்போது அங்கேதான் கணக்கில் சேர்கிறது. வண்டி வரும்வரை அவள் தெருமுனையில், பனியில், கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்பாள். கடைக்குள் போகக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் காற்று மிகக் கடுமையாக இருந்தது. வெர்னா கதவண்டை வந்து கையை அசைத்து அவளை உள்ளே வரும்படி சைகை காட்டினார். டெஸ்ஸா அவரைப் பார்த்தாள். பிறகு வண்டி வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெர்னா பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். நினைவு வந்து மூடிக்கொண்டார். உள்ளே பிள்ளைகள் குளிருகிறது, கதவைச் சாத்துங்கள் என்று கத்தினார்கள். வண்டி வரும்வரை அவர் சாத்தவில்லை.