ஏழாம் ஸ்டேஷன் ரத்தக்காட்டேரி

செல்வலட்சுமியின் கதையில் வருகிற ரத்தக்காட்டேரி வேறு யாருமில்லை, நைட் ஷிப்ட் சிவசங்கர்தான் என்று கம்பெனி கேன்டீனில் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு. ஆதாரம் கேட்டால் அடுக்குவார்கள். ஆள் வெளுத்துப்போய் ஒல்லியாக இருக்கிறான். பதினோரு மாதமாக நைட்டை விட்டு வரமாட்டேன் என்கிறான். பூண்டு ரசத்தைத் தொடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் காலை ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு மணிவரை செல்வலட்சுமியோடு நிற்கிறான். இரண்டு பிள்ளை பெற்றவள், புருஷன் நடேசன் அதே கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறான், அப்படியிருக்க இப்பேர்ப்பட்ட காதல் கதை சும்மா வருமா என்று முடிப்பார்கள். முடிக்கும்போது ஒரு கண்ணைச் சிமிட்டுவது கட்டாயம்.

பூண்டு விஷயம் உண்மை. அவனுக்கு அல்சர். மற்றது எப்படி நடந்ததென்று தெரிய வேண்டுமானால், மணிமங்கலத்தில் விடிவதற்கு முன் கிளம்புகிற கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொள்ள வேண்டும்.

அந்த பஸ்ஸில் படப்பை தாண்டினால் நடேசன் எஃப்.எம்.மை நிறுத்திவிடுவான். செல்வலட்சுமி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திரும்பி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேற்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். கம்பெனி கேட்டில் பஸ் நிற்கும்போது அன்றைய பாகம் முடியும். முப்பது பெண்கள் வாயைத் திறந்தபடி கேட்பார்கள். பத்தாவது வரை படித்தவள். மாத நாவலும், செல்போனில் டப்பிங் சீரியலும்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது, பேசவும் கூடாது. எட்டு மணி நேரம் கார் கதவுக்குள் போகிற வயர்களைக் கட்டிக்கொண்டே மறுநாள் பாகத்தை மண்டைக்குள் கட்டிவிடுவாள். கை தன் வேலையைப் பார்க்கும், தலை தன் வேலையைப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் ஒரு கதை ஆப்பில் தட்டி ஏற்றுவாள்.

வெளிநாட்டுக் கதைகளில் ரத்தக்காட்டேரி கோட்டையில் இருப்பான், வெயிலும் பூண்டும் அவனுக்கு ஆகாது. இவளுடைய ஏகாந்தன் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு நைட் ஷிப்ட் பார்ப்பவன். நூற்றைம்பது வயசு, ஏரிக்கரையில் இடிந்த பங்களா, ராத்திரி பத்து மணிக்குக் கார்டைப் பஞ்ச் அடித்து வேலை. வெளுத்த முகத்தை யாரும் சந்தேகப்படவில்லை, நைட் பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள். வருஷா வருஷம் ரத்ததான முகாமுக்கு முதல் வாலண்டியர் அவன்தான். லைனில் அவன் நின்று வேலை பார்க்கும் இடத்துக்குப் பெயர் ஏழாம் ஸ்டேஷன்; அதிலிருந்து அவன் இறங்க, காலை ஷிப்ட் பவளம் ஏறுகிறாள். மிஷினை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிஷ ஹேண்ட் ஓவர்தான் காதல். அவன் அவளிடம் முதன்முதலில் பேசியது, “மூணாவது கிளாம்ப் லூஸா இருக்கு. கையை நசுக்கிடும், பார்த்துக்கோ.” அதைச் சொன்ன அன்றைக்கு பஸ்ஸில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

வைகாசியில் ஒரு தப்பு நடந்தது. ஷிப்ட் முடிந்து ஏகாந்தன் பைக்கில் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி சீட்டிலிருந்து கலைமதி கத்தினாள்.

“யக்கா, வெளியே பாரு! அஞ்சே முக்காலுக்கே வெயிலு மூஞ்சில அடிக்குது. உன் ஆளு ஆறு மணிக்கு எப்டி வூட்டுக்குப் போவான்? ரோட்லயே கருவாடா ஆயிடுவான்!”

பஸ்ஸே சிரித்தது. செல்வலட்சுமி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் தினசரி காலண்டரைப் புரட்டினாள். தையில் சூரிய உதயம் ஆறு முப்பத்தைந்து, வைகாசியில் ஐந்து நாற்பத்திரண்டு. மறுநாள் பாகத்தில் ஏகாந்தன் வீட்டுக்குப் போக வழியில்லாமல் கம்பெனிக்குள்ளேயே மாட்டிக்கொண்டான். பொழுது சாயும்வரை ஓ.டி. வேலை கேட்டு வாங்கி பவளத்தின் பக்கத்து ஸ்டேஷனில் நின்றான். மாதக்கணக்கில் தினமும் ஓ.டி. காதலும் முற்றியது, மேனேஜ்மென்ட் சிறந்த தொழிலாளி விருதும் கொடுத்தது. அப்படி ஒரு மூளை.

சிக்கல் ஷிப்ட் மாற்றத்தில் வந்தது. பஸ்ஸில் கதை கேட்கிறவர்களில் பதினாலு பேரை ஒரேயடியாக மத்தியான ஷிப்டுக்குத் தூக்கிவிட்டார்கள். ஆப்பில் படி என்றால், “படிக்கறதுக்கு எங்கக்கா கண்ணு தொறக்குது? உன் வாயால கேக்கணும்” என்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஒரு ஆடியோ கதை கம்பெனி கூப்பிட்டது. இயர்போனில் கேட்கிற தொடராகப் போடுகிறார்களாம். பதினாலு பேருக்கும் கதை திரும்பக் கிடைக்கும். செல்வலட்சுமிக்குத் தரையில் கால் படவில்லை.

பேசிய பெண் பெயர் ஐஸ்வர்யா.

“கதை சூப்பர் மேடம். ஆனா ஃபேக்டரி வேண்டாம், ரொமான்டிக்கா இல்ல. கொடைக்கானல்ல ஒரு அரண்மனை. ஹீரோ ஜமீன் வாரிசு. பவளம் அங்க டூர் வர்றா. திங்கட்கிழமைக்குள்ள ஓகே சொல்லிட்டா ரெக்கார்டிங் போயிடலாம். இல்லன்னா வேற கதை எடுத்துப்பாங்க.”

“அந்தப் பத்து நிமிசம்?”

“அது எதுக்கு மேடம்? அரண்மனையில நாள் முழுக்க பேசிக்கலாமே.”

செல்வலட்சுமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சரியென்றால் அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது வேறு யாருடைய கதையோ. இல்லையென்றால் ஒன்றுமே கிடைக்காது. மூன்றாம் நாள் போன் போட்டாள்.

“ஏம்மா ஐஸ்வர்யா, ஒரே ஒரு வாட்டி எங்க பஸ்ல வந்து குந்தும்மா. அப்புறம் நீ இன்னா சொன்னாலும் கையெழுத்து போடறேன்.”

அந்தப் பெண்ணும் வந்தது, தூக்கக் கலக்கத்தோடு. செல்வலட்சுமி அன்றைக்கு ஏமாற்று வேலை எதுவும் செய்யவில்லை. கொடைக்கானல் அரண்மனையையே சொன்னாள். சரவிளக்கு, பனிமூட்டம், வெல்வெட் திரை என்று குறை வைக்காமல் சொன்னாள். பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டு பேர் தூங்கினார்கள்.

கலைமதி கேட்டாள். “அம்மாம் பெரிய வூட்டை யாருக்கா பெருக்கறது?”

“ஆள் வெச்சிருப்பாங்கடி.”

“அப்போ அந்த ஆளுங்க கதையைச் சொல்லு.”

ஒரகடம் மேம்பாலத்தில் செல்வலட்சுமி நிறுத்தினாள். “சரி, அது அங்கியே கெடக்கட்டும். இங்க ஏழாம் ஸ்டேஷன்ல இன்னா ஆச்சுன்னா...” என்று குரலை இறக்கினாள். தை மாதம் வந்துவிட்டது, ஓ.டி. முடிந்தது, இனி பத்து நிமிஷம்தான். ஏகாந்தன் கையுறையைக் கழற்றி, இன்னும் சூடாக இருக்கும்போதே பவளத்திடம் நீட்டுகிறான். நூற்றைம்பது வருஷமாகச் சில்லிட்டுக் கிடந்த கை, அவளுக்காக மிஷினைத் துடைத்து வைத்ததில் சூடாகிவிட்டது. தூங்கினவர்கள் எழுந்துவிட்டார்கள். பஸ் கேட்டில் நின்றது. யாரும் இறங்கவில்லை. நடேசன் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு நிமிசம் கீது, சொல்லி முடி” என்றான்.

ஐஸ்வர்யா மெதுவாகக் கேட்டது, “கிளாம்ப்னா என்ன?”

நாலு பேர் ஒரே நேரத்தில் கையை மடக்கிக் காட்டினார்கள்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணே ஆபீசில் சண்டை போட்டு ஃபேக்டரியை உள்ளே கொண்டுவந்தது. பின்னணிக்கு ஓநாய் ஊளை வைத்திருந்தார்கள். “ஒரகடத்துல ஏதும்மா ஓநாயி? நாயே போதும்” என்று செல்வலட்சுமி அதையும் மாற்ற வைத்தாள். மிஷின் சத்தம், பஞ்ச் அடிக்கிற சத்தம், நாய்க் குரைப்பு என்று முதல் பாகம் வந்தது. மத்தியான ஷிப்ட் பதினாலு பேரும் பஸ்ஸில் ஆளுக்கொரு இயர்போன் மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் கண்ணைத் துடைத்தார்களாம். ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜ்களில் தங்கியிருக்கிற தெற்கத்திப் பையன்கள்வரை ஏகாந்தன் போய்விட்டான். இத்தனையும் செய்தவள் மறுநாள் வழக்கம்போல சிவசங்கரிடமிருந்து மிஷினை வாங்கிக்கொண்டு ஏழாம் ஸ்டேஷனில் வயர் கட்டிக்கொண்டிருந்தாள்.

கதை பரவியதும்தான் சிவசங்கர் பேச்சும் பரவியது. அந்தாள் வேறு புதுசாகத் தலையைப் படிய வாரிக்கொண்டு வர ஆரம்பித்தான். கடைசியில் கலைமதியால் தாங்க முடியவில்லை. பஸ்ஸில், நடேசன் காதுபடவே கேட்டுவிட்டாள்.

“யக்கா, கோச்சிக்காத. ஏகாந்தன் நம்ம சிவசங்கரு சாருதானாமே?”

நடேசன் கண்ணாடியில் பார்த்தான். செல்வலட்சுமி கம்பியை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“அவனா? பேட்ச் நம்பர் எழுத மாட்டான், வெட்டிப்போட்ட ஸ்கிராப்பை என் ட்ரேல கொட்டிட்டு ஓடுவான். மிஷின்ல எங்க கோளாறுன்னு ஒரு நாளு வாயத் தொறந்து சொன்னதில்ல. ஒழுங்கா ஹேண்ட் ஓவர் குடுக்கற ஆம்பளை உயிரோட ஒருத்தனும் கெடைக்கலடி. அதான் செத்தவனா பாத்து எழுதினேன்.”