யூலிற்றா சரிபார்த்த பக்கம்

யூலிற்றாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவளுடைய அப்பா யோசெப் "கொம்பியூட்டரிலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் நாயாற்றுக் கடற்கரையில் தன்னோடு மீன்பிடிக்கிறவர்களுக்கு அதை விளங்கப்படுத்த முடியாது. ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும்போது, இன்னது புதிது, இன்னது திருத்தப்பட்டது, இன்னதில் கவனம் என்று கூடவே ஒரு குறிப்பும் போகும். அந்தக் குறிப்பில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. இதற்கும் சம்பளம் கொடுக்கிறார்களா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கொடுக்கிறார்கள்.

கிளிநொச்சியில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் அலுவலகம். எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு விதம். டினோஜனுக்கு எதைத் திருத்தினாலும் திருவிழாதான். வரிக்கு வரி ஆச்சரியக்குறி போடுவான். கிருசாந்தினி ஒரு வரியையும் முடித்துவைக்க மாட்டாள். முற்றுப்புள்ளியைக் கைக்காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று அவளுக்கு நினைப்போ என்னவோ. நிறுவனத்தை நடத்துகிற சிறாஜ் வவுனியாக்காரர். யூலிற்றா சேர்ந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்.

"நாலுபேர் எழுதினது நாலுபேர் எழுதினதாத் தெரியக்கூடாது. விஷயத்தை நீங்க தொட வேணாம், அது எழுதினவங்கட பொறுப்பு. நீங்க குறியை மட்டும் பாருங்க."

குறியை மட்டும் பார்ப்பது அவளுக்குக் கைவந்த கலை. பக்கத்தைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டு போவாள். மேலிருந்து வாசித்தால் பொருள் உள்ளே இழுத்துவிடும்; புள்ளி கண்ணில் படாது. கீழிருந்து போனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உறவில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவள் சின்னப் பிள்ளை. இடம்பெயர்ந்து நடக்கும்போது அம்மா அவளுடைய பிடரியைப் பிடித்துக் குனியவைத்து, "நிலத்தைப் பாத்து நட. அங்காலை இஞ்சாலை பாக்காதை" என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போனாள். பிள்ளையும் சொன்னபடி கேட்டது. பாதையின் இரண்டு பக்கமும் என்ன கிடந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. சில வருடங்களின் பின் அம்மா நோயில் இறந்தபோது, செத்தவீட்டில் போட்டிருந்த கதிரைகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சழுத்தக்காரி என்று ஊர் சொன்னது. அதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

நிறுவனம் கடற்றொழிலாளருக்கென்று ஒரு செயலி செய்திருந்தது. காற்று எழும்பப் போகிறதென்றால் போன் பெரிய சத்தம் போடும். யோசெப்பின் போனில் அதை ஏற்றிக் கொடுத்தவள் யூலிற்றாதான். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அது தானாக ஏறிக்கொள்ளும்படியும் செய்து வைத்தாள். மனிதருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"என்ரை பிள்ளை பாத்து விடுறது. சத்தம் வரேல்லை எண்டால் காத்து இல்லை, அவ்வளவுதான்" என்று கரையில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். கடலுக்கு இறங்குமுன் வானத்தை அண்ணாந்து பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

ஒக்டோபர் கடைசியில் அந்தச் செயலியின் புதிய பதிப்பு வந்தது. குறிப்பு யூலிற்றாவிடம் வர, வழக்கம்போலக் கீழிருந்து தொடங்கினாள். டினோஜனின் ஆச்சரியக்குறிகளைக் களைந்தாள். கவனிக்க வேண்டியவை என்ற பகுதியில் கிருசாந்தினி எழுதிய ஒரு வரி இருந்தது: புதிய பதிப்பு ஏறியதும் எச்சரிக்கைச் சத்தம் நின்றுவிடும், பயனாளர் அதைத் தாமே மறுபடி இயக்க வேண்டும். முடிவில் முற்றுப்புள்ளி இல்லை. யூலிற்றா போட்டுவிட்டு மேல் வரிக்குப் போனாள்.

சிறாஜ் பக்கத்தை ஒருதரம் மேலோட்டமாகப் பார்த்து, "நல்ல வடிவா இருக்கு" என்றார். பின்னேரமே பதிப்பு வெளியாகி, யோசெப்பின் போனில் தானாக ஏறிக்கொண்டது. கரையில் மற்றவர்கள் இதற்கெல்லாம் மினக்கெடுகிறவர்கள் இல்லை. அவர்களுடைய போன்களில் பழைய பதிப்பே கிடந்தது.

மறுநாள் விடியப்புறம் அந்தப் போன்கள் எல்லாம் அலறின. ஆட்கள் படகுகளை மணலில் மேலே இழுத்துப் போட்டார்கள். எப்போதும் எல்லோருக்கும் முந்திப் புறப்படுகிற யோசெப் அதற்குள் தனியே போய்விட்டிருந்தார். திரும்பி வரச் சொல்லிக் கத்தியிருக்க வேண்டிய அவருடைய போன் சட்டைப்பையில் சும்மா கிடந்தது.

மத்தியானம் காற்றுத் தணிந்த பிறகு, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். எஞ்சினும் வலையும் கடலோடு போயின. வலது கை முறிந்திருந்தது. செய்தி அலுவலகத்துக்கு வந்தபோது, அழுதது யூலிற்றா அல்ல, கிருசாந்தினிதான்.

"ஐயோ அக்கா, சத்தம் நிக்கும் எண்டு நான் எழுதினனான்தானே!"

யூலிற்றா பக்கத்தைத் திறந்து, முதல்முறையாக மேலிருந்து கீழே வாசித்தாள். எல்லாம் தெளிவாக இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பரந்தன் கழிந்தது, புதுக்குடியிருப்பு கழிந்தது. நெஞ்சுக்குள் ஏதாவது அசையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் அசையவில்லை. அப்பா உயிரோடிருக்கிறார் என்ற சந்தோஷம்கூட வரவில்லையே என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் யோசெப் கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பக்கத்தில் மீனவர் சங்கத்துப் பரமலிங்கம்.

"உந்தப் போனை நம்பிப் போனால் உதுதான் கதி, யோசெப்பண்ணை. எங்கடை எல்லாம் கத்தினது, உங்கடை ஏன் கத்தேல்லை?"

"விசர்க் கதை கதையாதை" என்றார் யோசெப். "பிள்ளை பாத்து விட்டதிலை பிழை வராது. நான்தான் கை தவறி எதையோ அமத்தியிருப்பன்."

பரமலிங்கம் அதற்குமேல் வாதாடாமல் எழுந்து போனார். யூலிற்றா கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நம்பிக்கை அப்படியே இருந்திருக்கும். அப்பா சாகும்வரை தன்னுடைய விரலைத்தான் நொந்துகொண்டிருந்திருப்பார்.

"நீங்கள் ஒண்டையும் அமத்தேல்லை, அப்பா. புதுசு ஏறினால் சத்தம் நிக்கும் எண்டு அந்தக் குறிப்பிலை எழுதியிருந்தது."

"அதை இப்பதானே கண்டுபிடிச்சவை?"

"இல்லை. வெளியிலை விட முந்தியே இருந்தது. என்ரை கையாலைதான் போனது."

யோசெப் தலையைத் திருப்பினார். "நீ பாத்தனியோ?"

"ஓம். கடைசியிலை முற்றுப்புள்ளி இல்லாமல் கிடந்தது. போட்டுவிட்டனான்."

அவர் ஏசவில்லை. அவளுடைய முகத்தில் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருப்பவராகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தண்ணீர் கேட்டார். யூலிற்றா கோப்பையில் ஊற்றி அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். யோசெப் இடக்கையை நீட்டிக் கோப்பையை அவளிடமிருந்து வாங்கி, பாதி சட்டையில் சிந்த, தானே குடித்தார்.