ஆய்வுக் குழுவுக்கு ஒரு சிலிகான் அச்சு

ரேணுகாம்பாள் அடி அண்ணாமலையில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்துப் பெண். சென்னையில் எம்.டெக். படித்தபோது அவளுக்கு ஒரு வேலை பிடித்துப்போனது: சிலிகான் ரப்பரில் அச்சு எடுப்பது. தேன் மாதிரி கெட்டியான திரவத்தில் இறுக்கும் மருந்தைக் கலந்து, நுண்கோடுகள் பொறித்த தகட்டின் மேல் ஊற்றிச் சூடாக்க வேண்டும். உரித்தால் கண்ணாடி போன்ற ரப்பர் கையில் வரும். தகட்டின் கோடெல்லாம் அதில் பதிந்திருக்கும். தலைமுடியை ஐம்பதாகப் பிளந்தது போன்ற கோடுகள். அந்த அச்சால் ஒற்றி அதே கோடுகளை வேறொரு தகட்டில் பதிக்கலாம்.

2002இல் கல்யாணமாகி ஊருக்கே திரும்பினாள். கணவன் முருகவேல் பஸ் டிப்போவில் கிளார்க். ஊருக்கு வெளியே புதிதாக வந்திருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் முதல்வர் ராஜேந்திரன் கூப்பிட்டார்.

"ஏம்மா, மெட்ராஸ்ல ஏதோ மைக்ரோ ஸ்டாம்ப்லாம் பண்ணீங்களாமே. இங்க ஒரு லேப் போட முடியுமா? புது பி.ஜி. கோர்ஸ் கேட்டிருக்கோம். டிசம்பர்ல இன்ஸ்பெக்‌ஷன் வருது."

"போடலாம் சார். தூசு மட்டும் வரக் கூடாது."

மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். ஜன்னல் இடுக்கெல்லாம் அவளே டேப் ஒட்டினாள். பக்கத்தில் கட்டட வேலை நடந்ததால் முதலில் வார்த்தவற்றில் சிமெண்டுத் தூசு விழுந்தது. அடுத்தவற்றில் காற்றுக் குமிழி. கடைசியில் மேல்பூச்சு உரித்த ஒரு சிடியின் நுண்கோடுகளிலிருந்து நல்ல அச்சு வந்தது. வெளிச்சத்தில் பிடித்ததும் ரப்பர் முழுக்க வானவில் ஓடியது. அன்று மாலை அதைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் முருகவேலிடம் காட்டினாள். "இதுக்கா ஒரு மாசம் சோறு தண்ணி இல்லாம கெடந்த?" என்றான். ஆனால் அவனும் விளக்கடியில் அதை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

குழு வந்தது, பார்த்தது, பாராட்டியது. அனுமதி கிடைத்தது. கல்லூரித் தலைவர் ஆதிமூலம் அவளுக்குச் சால்வை போர்த்தினார்.

பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது ஆய்வகக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. உள்ளே இரண்டு கட்டில்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த ஆதிமூலத்தின் சொந்தக்காரர்கள் தங்கியிருந்தார்களாம். அவளுடைய மேஜை வராந்தாவில் கிடந்தது. அதன்மேல் அச்சுகள், பிசுபிசுப்பில் தூசு அப்பிக்கொண்டு. அச்சைச் சூடாக்கும் அடுப்பு கேண்டீனில் பஃப்ஸ் சூடு பண்ணிக்கொண்டிருந்தது.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றார் ராஜேந்திரன். "பௌர்ணமிக்கு லாட்ஜ்ல ரூம் கெடைக்குதா சொல்லுங்க."

கொஞ்ச நாள் வருஷங்களாயிற்று. கேட்டுக் கேட்டு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பாடத்தில் அச்சு எடுப்பது பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. தேர்வில் பத்து மார்க். அவள் கரும்பலகையில் படம் போட்டாள், மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள்.

முதல் செட்டில் படித்த சிந்துஜா, பெங்களூரில் ஒரு வேலைக்கு இன்டர்வியூ போய்விட்டு நேராக அவளிடம் வந்தாள்.

"எல்லாம் கரெக்டா சொன்னேன் மேடம். அப்புறம் ஒரு ரப்பரைக் கையில குடுத்து, எந்தப் பக்கம் கோடு இருக்குனு கேட்டாங்க. எனக்குத் தெரியல. சிரிச்சுட்டாங்க."

ரேணுகாம்பாள் அன்று வகுப்புக்குப் போகவில்லை.

2006இல் மறுபடி ஆய்வுக் குழு. கட்டில்கள் போயின, மேஜை வந்தது, அடுப்பு மசாலா வாடையோடு திரும்பியது. "பழைய ஸ்டாம்ப்பையே கழுவி வெச்சு எக்ஸ்ப்ளெயின் பண்ணிடுங்க, போதும்" என்றார் ராஜேந்திரன். அவளும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

குழுவில் மூத்தவர் ஓர் அச்சை எடுத்து, யாரும் சொல்லாமலே கோடுள்ள பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "நானும் இதுல ரிசர்ச் பண்ணவன்தான். பசங்க டெய்லி யூஸ் பண்றாங்களாம்மா?"

"இல்ல சார். ரெண்டு வருஷத்துக்கு மேல இது கெஸ்ட் ரூம். இன்னிக்குக் காலையிலதான் கட்டிலை எடுத்தாங்க."

ராஜேந்திரன் முகம் வெளுத்தது. மூத்தவர் அச்சைக் கீழே வைத்துக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லா எடத்துலயும் இப்படித்தாம்மா. இதையெல்லாம் எழுதினா ஒரு காலேஜும் மிஞ்சாது."

பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அனுமதி நீட்டிக்கப்பட்டது. ஜூனில் அவளை வரவேண்டாம் என்றார்கள். "உங்களுக்கு என்னம்மா கம்மி பண்ணோம்?" என்று கேட்டபோது ராஜேந்திரன் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"நீ சொன்னது சரிதான்" என்றான் முருகவேல். "சொல்லி என்ன ஆச்சு?"

"அந்த சேர்மனுக்கு ஒண்ணும் தெரியாது, விடுங்க. குழுவுல வந்த இந்தாளுக்குத் தெரியும். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு."

செங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் போனாள். அங்கேயும் ஆய்வகம் இருந்தது. சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது. அவள் அதைக் கேட்கவில்லை.